தாஜ்மகால் பார்க்க வந்தவருக்கு ட்ரிப்ஸ் எதற்கு?

தில்லி மெட்ரோவின் வயலட் லைனில் ஜசோலா அப்போலோ நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வேறு நாட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். மருந்துக்கடைப் பலகையில் அரபி எழுத்து. கெஸ்ட் ஹவுஸ் வாசலில் ஆங்கிலத்தோடு ரஷ்ய மொழியும். டீக்கடை பெஞ்சில் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு ஈராக்கியக் குடும்பம். லாஜ்பத் நகர் பக்கம் போனால் ஆப்கானியர்கள். முழ நீளத்துக்கு நான் ரொட்டி சுடுகிற கடையும், தாரி மொழி பேசும் மருந்துக்கடைப் பையனும் அங்கே பல வருஷமாக உண்டு. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்த பிறகு கூட்டம் குறைந்தது, ஆனால் தெரு அப்படியேதான் இருக்கிறது.

இவர்கள் சிகிச்சைக்காகவே தில்லிக்கு வருகிறவர்கள். இவர்களைக் கவனிக்க ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. மெடிக்கல் விசா 2005-லேயே வந்துவிட்டது. இப்போது இ-மெடிக்கல் விசாவும் உண்டு, கூட இரண்டு பேர் துணைக்கு வரலாம். விமான நிலையத்திலிருந்து அழைத்து வர ஆள், மொழிபெயர்க்க ஆள், ஆபரேஷனுக்கு முன்கூட்டியே பேசிய பேக்கேஜ். நல்லதோ கெட்டதோ, ஒரு ஏற்பாடு இருக்கிறது.

நான் எழுத வந்தது இன்னொரு ரகத்தைப் பற்றி. தாஜ்மகால் பார்க்க வந்து, சாந்தினி சவுக்கில் எதையோ சாப்பிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டல் பாத்ரூமை விட்டு வெளியே வர முடியாமல் தவிக்கிற வெளிநாட்டுக்காரர். இவருக்கு எந்த ஏற்பாடும் கிடையாது. பேக்கேஜ் கிடையாது, மொழிபெயர்ப்பாளர் கிடையாது. இவர் தமிழராகவும் இருக்கலாம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடா, பிரான்ஸ் என்று நம் உறவினர்கள் எத்தனை பேர் குரூப் டூரில் வருகிறார்கள்! முகத்தைப் பார்த்தால் நம்மூர்க்காரர்தான். பாஸ்போர்ட்டை நீட்டினால் மருத்துவமனையில் வேறு கவுண்டர், பல இடங்களில் வேறு கட்டணம்.

என் மனைவியின் சித்தப்பா ஈப்போக்காரர். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. சித்தியும் அவரும் ஒரு மலேசியக் குழுவோடு தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் பார்க்க வந்திருந்தார்கள். மஹிபால்பூரில் ஓட்டல். சித்தியிடமிருந்து போன் வந்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தோம். "மாப்பிள்ளை, இவருக்கு வாந்தியும் பேதியுமா நிக்கவே இல்ல. ஓட்டல்ல டாக்டர வரவழைச்சாங்க. அவர் உடனே ஆஸ்பத்திரில சேக்கணும்னு சொல்லி கார்ல ஏத்திட்டாரு. எங்க போறோம்னே தெரியல."

மயூர் விஹாரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் மாமா எமர்ஜென்சியில் ஒரு கட்டிலில் இருந்தார். கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஓடுகிறது. ஈசிஜி எடுத்தாயிற்று. ரத்தம் எடுத்தாயிற்று. வயிற்றுக்கு ஸ்கேன் எழுதியாயிற்று. செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாயிற்று, இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான மெட்ரோனிடசோல் பாட்டில் ட்ரிப்ஸ் ஸ்டாண்டில் தொங்குகிறது. கவுண்டரில் ஐம்பதாயிரம் முன்பணம் கேட்டிருக்கிறார்கள். சித்தி கையில் கிரெடிட் கார்டை இறுகப் பிடித்தபடி, "இது எத்தன வெள்ளி மாப்பிள்ளை?" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கார்டைவிட அவரை அதிகம் பயமுறுத்தியது, யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரியாததுதான். எல்லாம் இந்தியில் நடக்கிறது.

அங்கேதான் தில்லி மருத்துவமனைகளின் பழைய ரகசியம் உதவிக்கு வந்தது. கேரளத்து நர்ஸ்! தலைநகரில் எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் நைட் டியூட்டியில் ஒரு மலையாளக் குரல் கேட்கும். இந்தப் பெண் பாலக்காடு, அதனால் தமிழ் சரளம். பிரஷர் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்: "சேட்டா, அங்கிள் தண்ணி குடிச்சா நிக்குதா?" நின்றது. கொடுத்த ஓஆர்எஸ் அரை தம்ளர் உள்ளே போய் வாந்தி வரவில்லை. பிரஷர் சரியாக இருந்தது. மலத்தில் ரத்தம் இல்லை. காய்ச்சல் இல்லை. சிறுநீர் போனார். "அப்புறம் டாக்டர்ட்ட கேளுங்க, அட்மிட் எதுக்குன்னு."

கேட்டேன். டியூட்டி டாக்டர் இளைஞர், எரிந்து விழவில்லை. "ஃபாரினர் இல்லையா சார், இன்சூரன்ஸ் இருக்கே, இரண்டு நாள் ஆப்சர்வேஷன்ல வைத்தால் சேஃப்" என்றார். ரிப்போர்ட் வரும்வரை இருக்கிறோம், சிறுநீரகக் கணக்கும் சோடியம் பொட்டாசியமும் சரியாக இருந்தால் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். வந்த ரிப்போர்ட்டும் சரியாகவே இருந்தது. எமர்ஜென்சி பில்லை மட்டும் கட்டிவிட்டு விடியற்காலையில் வெளியே வந்தோம். அந்த டாக்டர் கிளம்பும்போது ஒரு நல்ல காரியம் செய்தார். மாமா வழக்கமாகச் சாப்பிடும் மெட்ஃபார்மினை, ஒழுங்காகச் சாப்பாடு இறங்கும்வரை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை ஆபத்து. சர்க்கரைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. வாந்தி பேதியோடும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்ற வார்த்தையைத்தான் நான் மறக்கவில்லை. வெளிநாட்டுப் பயணிக்கு தில்லியில் வைத்தியம் கிடைக்காதோ என்று ஈப்போவிலும் டொராண்டோவிலும் பயப்படுகிறார்கள். கிடைக்கும். ஏராளமாகக் கிடைக்கும். இங்கே ஆபத்து தேவைக்கு மேல் கிடைப்பதில்தான் இருக்கிறது.

பில்லைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. பில் போனால் போகட்டும். 2008 ஜனவரியில் ஸ்வீடனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்திய வம்சாவளி ஸ்வீடன்காரர், வயது 59, ஊருக்கு வந்த இடத்தில் உடம்பு முடியாமல் தில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பினார். அங்கே அவர் சிறுநீரைக் கல்ச்சர் செய்தபோது ஒரு கிளெப்சியெல்லா கிருமி வளர்ந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை ஆன்டிபயாட்டிக்கையே அது செரித்துவிட்டது. அதற்குக் காரணமான என்சைமை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கண்டுபிடித்தவர்கள் அதற்கு நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக என்டிஎம்-1. அதைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 2009-ல் வந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழில் பெரிய கட்டுரை வந்ததும் நாடாளுமன்றம் வரை சத்தம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு தமிழர் என்பது அப்போது நம் பத்திரிகைகளில் ஓரமாக வந்து போயிற்று. கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்து டிமோத்தி வால்ஷ் குழுவோடு சேர்ந்து செய்த வேலை. என்டிஎம்-1 உள்ள மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று கணக்குக் கொடுத்தார்கள். பழி முழுக்கத் தலைநகரின் பெயரில் விழுந்தது, மாதிரி அதிகம் கிடைத்தது நம்ம சென்னையில்! அறுவை சிகிச்சைக்கு இந்தியா போவதைப் பற்றி எச்சரித்த கடைசிப் பகுதி தனக்கு உடன்பாடில்லை என்று குமாரசாமியே பத்திரிகைகளிடம் சொன்னார். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள் இங்கே. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயர் வைத்த விதத்துக்காக வருத்தம் தெரிவித்ததும் பலருக்குத் திருப்தி.

எனக்கு அந்தத் திருப்தி இல்லை. பெயருக்குச் சண்டை போட்ட நேரத்தில் விஷயத்தைக் கோட்டைவிட்டோம். 2011 ஏப்ரலில் வால்ஷ் குழு இன்னொரு கட்டுரை போட்டது. தில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டில் அந்த மரபணு இருந்தது. தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-ல் இருந்தது. அதற்கும் நம் அதிகாரிகளின் பதில் ஏறக்குறைய மறுப்புதான். ஆனால் சென்னையிலிருந்து ஒருவர் வேறு மாதிரிப் பேசினார். தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இரங்கற்பா என்று சொல்லத்தக்க தலையங்கம் ஒன்றை 2010-லேயே இந்திய மருத்துவ இதழில் எழுதியவர். 2012-ல் மருத்துவச் சங்கங்களைக் கூட்டி சென்னைப் பிரகடனம் என்று ஒரு செயல்திட்டத்தை உருவாக்க முன்னின்றார். 2014 மார்ச்சில் ஷெட்யூல் எச்1 விதி நடைமுறைக்கு வந்தது. வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது அது. தில்லியின் எந்த மார்க்கெட் மருந்துக்கடையிலும் "பேட் கராப் ஹை பையா" (வயிறு சரியில்லை அண்ணா) என்று சொல்லிப் பாருங்கள். சீட்டைக் கேட்கிறார்களா, ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கிறார்களா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதற்கும் வயிற்றுப்போக்கு வந்த சுற்றுலாப் பயணிக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். பின்லாந்தில் 430 பயணிகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தெற்காசியாவுக்கு வந்து போனவர்களில், வயிற்றுப்போக்கும் வராமல் ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிடாதவர்களில் 23 சதவீதம் பேர் பல மருந்துகளுக்கு அடங்காத குடல் கிருமியைச் சுமந்து ஊர் திரும்பினார்கள். பேதி வந்தும் ஆன்டிபயாட்டிக் எடுக்காதவர்களில் 47 சதவீதம். பேதி வந்து ஆன்டிபயாட்டிக்கும் எடுத்தவர்களில் 80 சதவீதம். குடலில் இருக்கிற சாதுவான கிருமிகளை மருந்து கொன்றுவிடுகிறது. காலியான இடத்தில் முரட்டுக் கிருமி குடியேறுகிறது. பெரும்பாலோருக்கு அது தொந்தரவு செய்யாமல் சில மாதங்களில் போய்விடும். சர்க்கரைக்காரருக்கு, ஊர் திரும்பியதும் சிறுநீரில் கிருமி வந்தால் வழக்கமான மருந்து கேட்காமல் போகலாம். மாமா விஷயத்தில் எனக்குப் பயம் அதுதான். மருத்துவமனைக் கட்டில் என்றாலே கையில் ஊசி, சில சமயம் சிறுநீருக்குக் குழாய். இரண்டும் கிருமி நுழைகிற வாசல்கள்.

சாதாரணப் பயணிப் பேதிக்கு வேண்டியது ஓஆர்எஸ். அதுவும் நம் நாட்டில் நிரூபிக்கப்பட்ட மருந்து. 1971-ல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலராவில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருக்க, ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹாலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து வாயால் குடிக்கக் கொடுத்தார். சாவு விகிதம் சட்டென்று இறங்கியது. அரை நூற்றாண்டு ஆன பிறகும், படித்த மனிதர்கள் ட்ரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நம்புகிறார்கள்.

எலக்ட்ரால் மாதிரி ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று 21.8 கிராம், அது முழுசாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. தம்ளரில் பாதியைக் கொட்டிக் குடிக்கக் கூடாது, உப்பு அதிகமானால் பேதியும் அதிகமாகும். ஓட்டல் அறையில் இருக்கும் ஒரு லிட்டர் பிஸ்லெரி பாட்டில் இதற்குச் சரியான அளவு. முழு பாக்கெட்டையும் போட்டுக் குலுக்கி, வாந்தி இருந்தால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று ஸ்பூன் உறிஞ்ச வேண்டும். மடமடவென்று குடித்தால் வெளியே வந்துவிடும். பழச்சாறு டப்பாவில் ஓஆர்எஸ் என்று அச்சடித்து விற்ற இனிப்புத் தண்ணீரை நம்பி வாங்கியவர்கள் ஏராளம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் விடாமல் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக்கடையில் பொடிப் பாக்கெட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், தண்ணீர் கூட நிற்காத வாந்தி, சிறுநீர் வராமல் இருப்பது, தலைசுற்றல், குழப்பமான பேச்சு: இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அப்போது ஆன்டிபயாட்டிக்கும் ட்ரிப்ஸும் வேண்டியிருக்கலாம். நெஞ்சுவலியோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, எந்தப் பெரிய தில்லி மருத்துவமனையும் உலகத் தரத்தில் பார்க்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காய்ச்சல் ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் வந்தால் முதலில் டெங்குவை நினையுங்கள். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது, ஆஸ்பிரினும் ப்ரூஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டும்.

ஓட்டல் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டல்காரர் கூப்பிடும் டாக்டர்கள் எல்லோரும் தரகர்கள் என்று சொல்லமாட்டேன், நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாதையில் மோசடிக்குச் சரித்திரம் உண்டு. 1990களின் கடைசியில் ஆக்ராவில் சில உணவகங்களும் சில தனியார் கிளினிக்குகளும் கூட்டுச் சேர்ந்து, வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சாப்பாட்டில் எதையோ கலந்து, நோயாளியாக்கி, இன்சூரன்ஸில் பெரிய பில் போட்ட விவகாரம் வெளியே வந்தது. சுற்றுலாக் கையேடுகள் பல வருஷம் அதை எச்சரிக்கையாக அச்சடித்தன. நேபாளத்தில் மலையேற வந்தவர்களைச் சின்னத் தலைவலிக்கும் ஹெலிகாப்டரில் ஏற்றி காப்பீட்டில் பணம் கறந்ததை 2018-ல் அந்த நாட்டு அரசே விசாரித்தது. பணம் கொடுப்பவர் கண்காணாத தேசத்தில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி என்றால், கட்டிலில் கிடப்பவருக்கு வைத்தியம் கூடிக்கொண்டே போகும். 

பாலிசி வாங்கும்போதே பணம் எப்படிக் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் இரண்டு கட்டம் உண்டு. எமர்ஜென்சியிலோ ஓபியிலோ பார்த்துவிட்டு வந்தால் கைக்காசு போட்டுப் பிறகு கேட்க வேண்டும். அட்மிட் ஆவதென்றால் பாலிசியில் அச்சடித்திருக்கும் 24 மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும், அவர்கள் மருத்துவமனைக்குப் பணத்துக்கு உறுதிக் கடிதம் அனுப்புவார்கள். அது வரும்வரை முன்பணம் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் எழுதிய பிறகும் அந்தக் கடிதத்துக்காக அரை நாள் காத்துக் கிடப்பது சாதாரணம். உதவி எண்ணைக் கூப்பிடுவதில் இன்னொரு லாபம், அங்கே ஒரு டாக்டர் இருப்பார், அட்மிஷன் அவசியமா என்று மருத்துவமனையிடம் அவரே கேட்பார். சர்க்கரை, பிரஷர் இருந்ததை மறைத்துப் பாலிசி எடுத்திருந்தால் எல்லாம் போச்சு. வெளியே வரும்போது வகைவாரியாகப் போட்ட பில், பணம் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டு, ரிப்போர்ட், எல்லாம் கையெழுத்தும் முத்திரையுமாக அசலை வாங்க வேண்டும். அட்மிட் ஆன பிறகு டாக்டர் வேண்டாம் என்றும் நீங்களாகக் கிளம்பினால் அதற்கு இங்கே 'லாமா' என்று பெயர், அதை எழுதிவிட்டால் கம்பெனி முகம் சுளிக்கும். ஆகவே கேள்வியை அட்மிஷன் ஃபார்மில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் வந்துவிட்டு மருத்துவமனையில் படுத்தால் சட்டச் சிக்கல் வருமோ என்று சித்தி பயந்தார். வராது. எந்த விசாவில் வந்திருந்தாலும் உள்நோயாளியாகச் சிகிச்சை எடுக்கலாம் என்று 2019-ல் உள்துறை அமைச்சகம் விதியைத் தளர்த்திவிட்டது. உறுப்பு மாற்று சிகிச்சைக்கு மட்டும் மெடிக்கல் விசா கட்டாயம். வெளிநாட்டவர் தங்கும் இடமெல்லாம் குடியேற்றத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும், மருத்துவமனையும் அதில் சேர்த்தி. அதற்காகத்தான் பாஸ்போர்ட், விசா நகல் கேட்கிறார்கள். நகலைக் கொடுங்கள், அசலைக் கவுண்டரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

முன்பணம் கட்டாமல் எமர்ஜென்சியில் தொடவே மாட்டேன் என்றால்? அதற்கும் பதில் உண்டு. ஸ்கூட்டரில் போனவரைக் கார் இடித்து, போலீஸ் கேஸ் என்று ஒரு மருத்துவமனை ஏற்க மறுத்து, தூரத்து மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துபோன செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். 1989-ல் தீர்ப்பு. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, சட்ட நடைமுறையெல்லாம் பிறகு. அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்ற பேதம் கிடையாது. உயிர் வாழும் உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு என்பதை 2000-ல் வங்கதேசப் பெண் ஒருவர் சம்பந்தப்பட்ட சந்திரிமா தாஸ் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நள்ளிரவில் கவுண்டரில் நின்று இந்தத் தீர்ப்புகளை ஒப்பிப்பது நடக்காத காரியம்தான். ஆனாலும் "எமர்ஜென்சி, முதல்ல பாருங்க, பேப்பர் அப்புறம்" என்று அழுத்திச் சொன்னால் வேலை நடக்கும்.

அரசு மருத்துவமனை என்றதும் வெளிநாட்டு உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கூட்டம் உண்மை, சுத்தம் சுமார். ஆனால் சில விஷயத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. விபத்து என்றால் எய்ம்ஸின் ட்ராமா சென்டர். நாய், குரங்கு கடித்தால் சஃப்தர்ஜங், இல்லையென்றால் ராம் மனோகர் லோகியா. 2025 அக்டோபரில் உலகப் பாரா தடகளப் போட்டிக்கு வந்திருந்த கென்யா, ஜப்பான் பயிற்சியாளர்கள் இருவரை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் தெருநாய் கடித்தபோது அவர்களை அழைத்துப் போனதும் சஃப்தர்ஜங்குக்குத்தான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அது எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆக்ரா பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இந்தியாவில் நாய்க்குட்டி கடித்து ஊர் திரும்பிய பிரிட்டன் பெண்மணி ஒருவர் 2012-ல் லண்டனில் ரேபிஸில் இறந்தார். மீதி ஊசிகளை ஜெய்ப்பூரிலோ கோலாலம்பூரிலோ போட்டுக்கொள்ளலாம், தேதி எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

ஆம்புலன்ஸுக்கு 102, எல்லா அவசரத்துக்கும் 112. சுற்றுலா அமைச்சகத்தின் 1363 எண்ணில் இந்தி, ஆங்கிலம் தவிர அரபி, ஜப்பான், கொரியா, ரஷ்யா என்று பத்து வெளிநாட்டு மொழிகளில் பேசுவார்கள். தமிழ் அதில் இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலுமிருந்து எத்தனை தமிழ் வாய்கள் இந்த நாட்டுக்கு வருகின்றன என்று யாராவது அமைச்சகத்துக்கு எழுதிப் போட்டால் தேவலை.

அன்று மருத்துவமனையிலிருந்து வந்த மாமா எங்கள் வீட்டில் படுத்துக் கிடந்தார். நொய்க்கஞ்சி, மோர், ஓஆர்எஸ். ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதியிருந்ததைத் தொடரவேண்டாம் என்று எங்கள் குடும்ப டாக்டர் போனில் கேட்டுவிட்டுச் சொன்னார். குரூப் அவரை விட்டுவிட்டு ஜெய்ப்பூர் போய்விட்டது. உடம்பு தேறியதும் கதிமான் எக்ஸ்பிரஸில் ஆக்ராவுக்குத் தனியாகக் கிளம்பியே தீருவேன் என்று அடம்பிடித்துப் போய்விட்டு வந்தார். வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அதற்கு மட்டும் அவருக்கு நேரமில்லையாம்.

உங்களுக்கும் இப்படி வெளிநாட்டு உறவினர் வருவதாக இருந்தால், டிக்கெட் போட்டதும் மூன்று காரியம் கேளுங்கள். பாலிசியின் போட்டோவை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், உதவி எண் தெரிகிற பக்கத்தோடு. தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைப் பிராண்டாக இல்லாமல் மருந்தின் பெயராக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மலேசியப் பிராண்ட் இங்கே யாருக்கும் தெரியாது. தில்லியில் தெரிந்த தமிழர் ஒருவரின் நம்பரைக் கொடுத்து, ஓட்டல் டாக்டர் காரில் ஏறச் சொல்லும் முன் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நான் மயூர் விஹாரில்தான் இருக்கிறேன்.